‘டேம்பர்’ – ஒரு சொல்லாய்வு

முன்னுரை

ஒரு சொல்லின் பொருள் நமக்குத் தெரியும் என்னும் உறுதியே, சில வேளைகளில் அச்சொல்லின் மற்றொரு பொருளைக் காணவொட்டாமல் நம் கண்ணை மறைத்துவிடுகிறது. இம்மறைப்பு யாவர்க்கும் பொதுவே எனினும், ஆசிரியப் பணியில் இருப்போரிடம் அது பெருந்தீங்கு விளைப்பதாகும். ஏனெனில் அவர் கையில் சிவப்பு மை இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், அகமதிப்பீட்டுத் தேர்வில் மொழிபெயர்ப்புத் தாளைத் திருத்தும் பொறுப்பு நம்மிடம் வந்தது. வினாத்தாளை அமைத்தவர் வேறொருவர். சாலைப் பழுதுபார்ப்பைப் பற்றிய ஆங்கிலப் பத்தி ஒன்று அதில் இடம்பெற்றிருந்தது. குழியில் சரளையும் மண்ணும் நிரப்பியபின் ‘டேம்பர்’ கொண்டு வேலையை முடிக்க வேண்டும் என்பது அப்பத்தியின் ஒரு தொடர். மாணவர் ஒருவர் அதனைத் ‘திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும்’ என மொழிபெயர்த்திருந்தார். நாம் அதுவரை அறிந்திருந்த ‘டேம்பர்’ செய்தித்தாள்களில் வரும் சொல்லே: சாட்சியத்தைக் குலைத்தல், முத்திரையை உடைத்தல், பந்தைச் சேதப்படுத்தல் முதலியன. மாணவர் பொருள் தெரியாமல் ஏதோ ஒரு சொல்லை இட்டு நிரப்பிவிட்டார் எனக் கருதித் தொடரை அடித்துவிட்டு, 2 மதிப்பெண்களையும் குறைத்தோம்.

விடைத்தாள் வழங்கிய மறுநாள் அம்மாணவர் துறை வாயிலில் தயங்கி நின்றார். “சார், எங்க அத்தா ரோட்டு வேலையில மேஸ்திரியா இருக்காங்க. திமிசுக் கட்டை எங்க வீட்டுத் திண்ணையிலதான் கிடக்கும். அதைத்தான் எழுதினேன்” என்றார். அகராதியை எடுத்துப் பார்த்தோம். மாணவர் எழுதியதே சரி. பிழை நம்முடையது.

அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை. ‘டேம்பர்’ என்னும் ஒரே வடிவம் முறையின்றிக் கைவைத்தலையும், இடித்து இறுக்கும் கருவியையும் எவ்வாறு குறிக்கலாயிற்று? அவ்விரு பொருளுக்கும் தமிழில் நிற்கும் சொற்கள் யாவை? அவற்றைப் பிரித்தறியாமையால் வரும் கேடு யாது? இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

பலபொருள் ஒருசொல்

ஒரு சொல் பல பொருள் தருவது தமிழ் இலக்கணத்திற்குப் புதிதன்று. தொல்காப்பியர் சொல்லதிகாரத்துள் பலபொருள் குறித்த ஒருசொல்லை இருவகையாகப் பகுக்கின்றார். உடன்வரும் வினையால் பொருள் விளங்குவது ஒருவகை. வினையால் விளங்காமல் நிற்பது மற்றொரு வகை. ‘மா காய்த்தது’ என்றால் மரம் என்பது தெளிவு; ‘மா கனைத்தது’ என்றால் குதிரை என்பது தெளிவு. ‘மா சாய்ந்தது’ என்ற அளவில் மரமோ விலங்கோ தெரியவில்லை. அவ்விடத்துச் சொல்லுவோன் தான் குறித்த பொருளை வெளிப்பட உரைத்தல் வேண்டும்.

‘டேம்பர்’ என்னும் சொல்லை இவ்வளவோடு நிறுத்திவிட இயலாது. ஒரு சொல்லே விரிந்து பல பொருள் பெறுவது ஒன்று. பிறப்பால் வேறுபட்ட இரு சொற்கள் வடிவால் ஒன்றுபட்டு நிற்பது வேறொன்று. ‘டேம்பர்’ இரண்டாம் வகையைச் சார்ந்தது. நன்னூலார் கூறும் பொதுமொழியை இதற்கு ஒப்பாகக் காட்டலாம். ‘எட்டு’ என்பது பிரியாது நின்றால் ஓர் எண். எள் + து எனப் பிரிந்து நின்றால் வேறு பொருள். ‘வேங்கை’ பிரியாது நின்றால் மரமும் விலங்கும். வேம் + கை எனப் பிரிந்தால் வேகின்ற கை.

அவ்வாறே, கைவைத்தலைக் குறிக்கும் ‘டேம்பர்’ பிரிக்கப்படாத வினை. நம் மரபில் கூறினால் பகாப்பதம். கருவியைக் குறிக்கும் ‘டேம்பர்’ பகுபதம். ‘டேம்ப்’ என்பது பகுதி, ‘அர்’ என்பது செய்வோனையும் செய்கருவியையும் உணர்த்தும் விகுதி. பகாப்பதத்தையும் பகுபதத்தையும் ஒன்றெனக் கொண்டதே நாம் செய்த பிழை.

முதற் சொல்லின் வரலாறு

கைவைத்தலைக் குறிக்கும் ‘டேம்பர்’ உயர்ந்த குலத்தில் பிறந்து தாழ்ந்த சொல். ‘டெம்பர்’ என்னும் சொல்லின் திரிபு வடிவமாக அது 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் தோன்றியது. ‘டெம்பர்’ இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. உரிய அளவில் கலத்தல், மட்டுப்படுத்தல் என்பன அதன் மூலப்பொருள்கள். எஃகைச் சூடேற்றிப் பதப்படுத்துவதும், சுண்ணச்சாந்தைக் குழைத்துப் பதமாக்குவதும், மனிதரின் மனநிலையும் ‘டெம்பர்’ என்றே வழங்கப்பெறுகின்றன. நம் நாட்டு ஆங்கிலத்தில் கடுகும் உளுந்தும் இட்டுத் தாளிப்பதற்கும் அச்சொல்லின் வழிவந்த பெயரே வழங்குகிறது.

‘டேம்பர்’ முதலில் களிமண்ணை நீர் விட்டுப் பிசைந்து பதப்படுத்தும் தொழிலைக் குறித்தது. குயவரும் செங்கல் அறுப்போரும் செய்யும் நல்வினையே அது. அப்பொருளிலிருந்து ‘ஒன்றில் கையிட்டு அளைதல்’ என்னும் பொருள் கிளைத்தது. அதிலிருந்து ‘தனக்குரியதல்லாத ஒன்றில் தலையிடல்’, ‘கெடுதல் நோக்கத்துடன் மாற்றுதல்’ எனப் பொருள் மேன்மேலும் இழிந்தது. இறுதியில் பதப்படுத்தும் பொருள் ‘டெம்பர்’ என்னும் வடிவத்திற்கே உரியதாய் நிலைபெற, கெடுக்கும் பொருள் ‘டேம்பர்’ என்பதற்கு உரியதாயிற்று. ஓர் உயிரெழுத்தின் மாற்றத்தில் காப்பதும் கெடுப்பதும் பிரிந்துபோயின.

மொழிநூலார் இதனை இழிபொருட்பேறு என்பர். ‘நாற்றம்’ என்னும் சொல் ஒருகாலத்தில் நறுமணத்தைக் குறித்து, இன்று தீமணத்தைக் குறிப்பதை மாணவர் அறிவர்.

தமிழில் காணும் இணைகள்

ஆங்கிலத்தில் நிகழ்ந்த இம்மாற்றத்தை நம் மொழியிலும் காண முடிகிறது. மூன்று சொற்களைச் சான்றாகக் காட்டலாம்.

முதலாவது, ‘பதம்’. சோற்றுக்கும் பாகுக்கும் மண்ணுக்கும் இரும்புக்கும் உரிய பக்குவத்தைப் பதம் என்கிறோம். ‘பதம் பார்த்தல்’ என்பது அப்பக்குவத்தைச் சோதித்தல். ஆயினும் ‘கத்தி விரலைப் பதம் பார்த்துவிட்டது’ என்னும்போது அதே தொடர் ஊறு செய்தலைக் குறிக்கிறது.

இரண்டாவது, ‘கலப்பு’. மருத்துவர் மருந்துச் சரக்குகளை உரிய அளவில் கலக்கிறார். கொத்தனார் சாந்தைக் கலக்கிறார். அதே வினையிலிருந்து பிறந்த ‘கலப்படம்’ மிளகில் பப்பாளி விதை சேர்ப்பவன் செயலைக் குறிக்கிறது. உரிய அளவில் கலத்தல் என்னும் மூலப்பொருளிலிருந்து ‘டேம்பர்’ இழிந்த வழியும் இதுவே.

மூன்றாவது, ஆசிரியர்க்கு நெருக்கமான சொல்: ‘திருத்துதல்’. காடு திருத்திக் கழனியாக்கினர் என்கிறோம். பிழை திருத்துகிறோம், விடைத்தாள் திருத்துகிறோம். ‘மதிப்பெண் சான்றிதழைத் திருத்தி வேலையில் சேர்ந்தவர் கைது’ என்று செய்தித்தாளும் எழுதுகிறது. செம்மை செய்தலைக் குறித்த சொல்லே மோசடியையும் குறிக்கலாயிற்று. செயல் ஒன்றே, கையும் ஒன்றே, மையும் ஒன்றே. அவ்வாறாயின் நல்ல திருத்தத்தையும் தீய திருத்தத்தையும் பிரிப்பது யாது? இவ்வினாவிற்கு விடை காண, ‘டேம்பர்’ இன்று வழங்கும் களங்களை நோக்குவோம்.

சட்டம், மருந்து, விளையாட்டு

சட்டத்துறையில் இச்சொல் பெரிதும் சான்றுகளோடும் சாட்சிகளோடும் சேர்ந்து வருகிறது. குற்றவாளியைத் தண்டனையிலிருந்து காக்கும் பொருட்டுச் சான்றை மறையச் செய்வது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 201-ஆம் பிரிவில் குற்றமாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 238-ஆம் பிரிவாக அமைந்துள்ளது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 65-ஆம் பிரிவில் ‘டேம்பர்’ என்னும் சொல்லையே தலைப்பில் ஆள்கிறது. சட்டப்படி பேணிவைக்க வேண்டிய கணினி மூல ஆவணத்தை வேண்டுமென்றே மறைப்பதும் அழிப்பதும் மாற்றுவதும் அதன்படி குற்றங்களாகும். அதற்கு 3 ஆண்டு வரை சிறையோ, 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மருந்துத்துறையில் இச்சொல் பரவியதற்கு ஒரு துயர நிகழ்ச்சி காரணம். 1982-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் கடைகளில் விற்கப்பட்ட ‘டைலனால்’ என்னும் வலிநீக்கி மருந்தின் குப்பிகளில் யாரோ சயனைடு நஞ்சைக் கலந்துவைத்தனர். அதனை உண்ட 7 பேர் உயிரிழந்தனர். அதன்பின் 1983-இல் நுகர்பொருள்களில் இவ்வாறு கைவைப்பதைக் கடுங்குற்றமாக்கி அந்நாடு சட்டம் இயற்றியது. மருந்துக் குப்பியின் வாயில் ஒட்டப்பெறும் தகடும், மூடியைச் சுற்றிய நெகிழி உறையும் பரவலாயின.

இவ்வுறையைக் குறிக்க ஆங்கிலத்தில் இரு தொடர்கள் உள்ளன. ஒன்று, ‘கைவைக்க இயலாதது’ எனப் பொருள்படுவது; மற்றொன்று, ‘கைவைத்தால் தெரிந்துவிடுவது’ எனப் பொருள்படுவது. இரண்டும் ஒன்றல்ல. மன உறுதியுடைய தீயவன் எவ்வுறையையும் கிழித்துவிடக் கூடும். கிழித்ததை மறைக்க அவனால் இயலாதிருக்க வேண்டும் என்பதே இரண்டாவது தொடரின் கருத்து. தபால் பையின் அரக்கு முத்திரையும், மின்னளவியில் கம்பியோடு தொங்கும் ஈய முத்திரையும் இக்கருத்தில் அமைந்தனவே. அரக்கு வலிமை வாய்ந்த பொருளன்று. நகம் பட்டாலே உடையும். அவ்வாறு உடைந்து காட்டிக்கொடுப்பதே அதன் பணி.

விளையாட்டுத்துறையில் நம் மாணவர் நன்கறிந்த எடுத்துக்காட்டு கிரிக்கெட். 2018 மார்ச்சில் கேப்டவுன் நகரில் தென்னாப்பிரிக்காவுடன் நடந்த டெஸ்ட் போட்டியில் ஆஸ்திரேலிய வீரர் பான்கிராஃப்ட் உப்புத்தாளால் பந்தைத் தேய்த்தது ஒளிப்படக் கருவியில் பதிவாயிற்று. அணித்தலைவர் ஸ்மித்துக்கும் துணைத்தலைவர் வார்னருக்கும் அந்நாட்டு வாரியம் ஓராண்டுத் தடையும், பான்கிராஃப்டுக்கு 9 மாதத் தடையும் விதித்தது.

ஆயினும் பந்தைத் தொடுவதே குற்றமன்று. செயற்கைப் பொருள் சேர்க்காமல் ஆடையில் தேய்த்து மெருகேற்றலாம். ஈரத்தைத் துண்டால் துடைக்கலாம். ஒட்டிய சேற்றை நடுவரின் கண்காணிப்பில் அகற்றலாம். எச்சில் தொட்டு மெருகேற்றுவது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. கொரோனாத் தொற்றினால் 2020-இல் அது சர்வதேசப் போட்டிகளில் தற்காலிகமாகத் தடுக்கப்பட்டு, 2022-இல் நிரந்தரத் தடையாயிற்று. நேற்று ‘டெம்பர்’ ஆக இருந்தது இன்று ‘டேம்பர்’ ஆயிற்று எனலாம். சேற்றைத் துடைப்பவன் நடுவர் முன்னிலையில் துடைக்கிறான். உப்புத்தாளால் தேய்ப்பவன் அதனை மறைத்துக்கொள்கிறான். நாம் தேடும் விடை இவ்வேறுபாட்டில் புலப்படத் தொடங்குகிறது.

இரண்டாம் சொல்லின் வரலாறு

இனிக் கருவியைக் குறிக்கும் ‘டேம்ப’ரைக் காண்போம். இதன் பகுதியாகிய ‘டேம்ப்’ 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கத்தாரிடையே வழங்கலாயிற்று. பாறையில் துளையிட்டு, வெடிமருந்தை நிரப்பி, அதன்மேல் மணலோ களிமண்ணோ இட்டு இறுக அடைப்பதை அது குறித்தது. துளையின் வாய் அடைபடாவிட்டால் வெடியின் ஆற்றல் பாறையைப் பிளக்காமல் துளைவழியே வீணாகிவிடும்.

பீரங்கியின் வாயை அடைக்கும் கட்டைக்கு ‘டேம்பியன்’ என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அடைப்பானைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது அது. மருத்துவத்தில் குருதிப்பெருக்கை நிறுத்தச் செருகும் பஞ்சுத்திரிக்கும் அதே பிரெஞ்சுச் சொல்லே பெயராயிற்று. ‘டேம்பியன்’ என்பதன் மற்றொரு வடிவத்தைத் தொழிற்பெயர் என மயங்கி, அதிலிருந்து ‘டேம்ப்’ என்னும் வினையைப் பின்னர்ப் பிரித்தெடுத்தனர் எனச் சொற்பிறப்பியலார் கருதுவர். ஆகவே இச்சொல்லுக்கும் களிமண் பிசையும் ‘டேம்பர்’ என்பதற்கும் குருதி உறவு இல்லை.

இறுக்கும் கருவிகள்

கருவி என்னும் பொருளில் ‘டேம்பர்’ பல தொழில்களில் வழங்குகிறது.

சாலையிலும் கட்டடத் தரையிலும் மண்ணை இடித்து இறுக்கும் கனத்த கட்டை ஒன்று. அதுவே நம் திமிசுக் கட்டை. கனமான அடிப்பகுதியும் நிமிர்ந்த பிடியும் உடைய அதனைத் தூக்கித் தூக்கிப் போட்டு மண்ணை இறுக்குவர். அவ்வேலையைத் ‘திமிசு போடுதல்’ என்பர். தெலுங்கிலும் இக்கருவிக்கு இதனோடு ஒத்த சொல் உண்டு.

இருப்புப்பாதையில் சிலீப்பர் கட்டைகளின் அடியில் ஜல்லியைத் திணித்து இறுக்குவது மற்றொன்று. முன்னர் இவ்வேலையைப் பாதைப் பணியாளர் தம் கைக்கருவிகளால் செய்தனர். பின்னர் வந்த பெரும் இயந்திரங்கள் எஃகுக் கால்களை ஜல்லிக்குள் இறக்கி, நொடிக்கு ஏறத்தாழ 35 முறை அதிரச் செய்து, இருபுறமிருந்தும் நெருக்கிக் கற்களைக் கட்டையின் அடியில் செறிக்கின்றன. நாம் இரயிலில் அமர்ந்து நூலைப் படித்துச் செல்ல இயல்வதற்கு, கண்ணுக்குத் தெரியாத இந்த இறுக்கமே அடிப்படை.

இத்தாலிய முறைக் காப்பியில் பொடியை வடிகலத்தில் சமனாக அழுத்தும் சிறு கருவியும், புகைக்குழாயில் புகையிலையை அழுத்தும் கோலும் ‘டேம்பர்’ எனவே பெயர் பெறும். நம் வீட்டுக் காப்பி வடிகட்டியில், பொடியின்மேல் வைத்து அழுத்தும் தண்டுள்ள துளைத்தட்டு ஏறத்தாழ அப்பணியையே செய்கிறது.

கல்லுடைக்கும் குழிகளில் துளைக்குள் மருந்தை அடைக்கும் கோல் இன்னொன்று. தமிழில் இச்செயலுக்குக் ‘கெட்டித்தல்’ என்னும் நல்ல சொல் உண்டு. துப்பாக்கியில் மருந்து கெட்டித்தான் என்பது வழக்கு. பொறி பறக்காதிருக்கும் பொருட்டு இக்கோல் இரும்பாக இருத்தல் கூடாது, மரமாக இருத்தல் வேண்டும் என்பது இன்றைய பாதுகாப்பு நெறி. இந்நெறியின் இன்றியமையாமையை உலகறிந்த ஒரு நிகழ்ச்சி காட்டும்.

ஒரு கடப்பாரையின் கதை

1848 செப்டம்பர் 13 அன்று, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கேவண்டிஷ் என்னும் ஊரருகே இருப்புப்பாதைக்காகப் பாறை பிளந்துகொண்டிருந்தனர். பினியாஸ் கேஜ் என்னும் 25 வயது மேற்பார்வையாளர் துளையில் இட்ட வெடிமருந்தை இரும்புக் கோலால் கெட்டிக்க முற்பட்டார். பொறி தெறித்து மருந்து வெடித்தது. ஏறத்தாழ 1.1 மீட்டர் நீளமும் 6 கிலோ எடையும் உடைய அக்கோல் அவருடைய இடக்கன்னத்தின் வழியே நுழைந்து, மூளையின் முன்பகுதியைத் துளைத்து, உச்சந்தலை வழியே வெளியேறிப் பல அடி தொலைவில் வீழ்ந்தது.

அவர் இறக்கவில்லை. சில நிமிடங்களில் பேசினார். மருத்துவர் ஹார்லோ அவரைக் காத்தார். ஆனால் முன்னர்ப் பொறுப்பும் அமைதியும் உடையவராயிருந்த அவர், பின்னர் முன்கோபமும் நிலையின்மையும் உடையவராய் மாறினார் என அம்மருத்துவர் பதிவு செய்தார். பிற்காலத்தில் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டியமையால் அவர் பெருமளவு தேறியிருத்தல் வேண்டும் என இக்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். 1860-இல் அவர் மறைந்தார். அவருடைய மண்டையோடும் அக்கோலும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அருங்காட்சியகத்தில் உள்ளன. மூளைக்கும் மனிதப் பண்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்வோர் அனைவரும் அவரைக் குறிப்பிடுவர்.

சொல்லாய்வு நோக்கில் இந்நிகழ்ச்சி கருதத்தக்கது. மருந்து கெட்டிக்கும் கோல் ஒரு மனிதனின் ‘டெம்பர்’ என்னும் மனநிலையைக் குலைத்தது. உறவில்லாத சொற்கள் ஒரு மனிதனின் வாழ்வில் ஒன்றாய் வந்து சேர்ந்தன.

அணுவிலும் அச்சொல்

சுரங்கத்தில் பிறந்த இச்சொல் 20-ஆம் நூற்றாண்டில் மற்றொரு களத்திற்குச் சென்றது. அணுகுண்டின் பிளவுறும் உள்ளகத்தைச் சூழ வைக்கப்படும் கனத்த உறைக்கு லாஸ் அலமாஸ் அறிவியலார் ‘டேம்பர்’ என்று பெயரிட்டனர். வெடிக்கும்போது உள்ளகம் உடனே சிதறிவிடாமல் ஒரு நொடியின் மிகச் சிறு கூறளவு அதனைப் பிடித்து நிறுத்துவதும், வெளியேறும் நியூட்ரான்களை உள்ளே திருப்புவதும் அவ்வுறையின் பணிகள். 1945 ஆகஸ்டு 6-இல் இரோசிமாவில் வீழ்ந்த குண்டில் டங்ஸ்டன் கார்பைடும், ஆகஸ்டு 9-இல் நாகசாகியில் வீழ்ந்த குண்டில் இயற்கை யுரேனியமும் இவ்வுறையாக அமைந்தன.

துளையின் வாயில் களிமண் அடைத்த தொழிலாளியின் சொல் இது. சொல்லில் பழியில்லை. ஆயினும், இச்சொல்லை இயற்பியல் நூலில் காணும் மொழிபெயர்ப்பாளர் ‘கைவைப்பான்’ என்றோ ‘குலைப்பான்’ என்றோ எழுதினால் படிப்போர் திகைப்பர். ‘செறிவுறை’ என்பது போன்ற ஓர் ஆக்கம் பொருந்தும் என்பது நம் கருத்து.

மொழிபெயர்ப்பு நெறி

மேற்கண்டவற்றால் ‘டேம்பர்’ என்பதற்குத் தமிழில் ஒரே நேர்ச்சொல் இல்லை; இருத்தலும் கூடாது என்பது பெறப்படும். முத்திரைக்கு ‘உடைத்தல்’, சான்றுக்குக் ‘குலைத்தல்’, சாட்சிக்குக் ‘கலைத்தல்’, ஆவணத்திற்குத் ‘திரித்தல்’, பந்துக்குச் ‘சேதப்படுத்தல்’, பொதுப்படக் கூறுமிடத்துக் ‘கைவைத்தல்’ என இடமறிந்து ஆளலாம். கருவிப்பொருளில் மண்ணுக்குத் ‘திமிசு’, மருந்துக்குக் ‘கெட்டிப்புக் கோல்’, ஜல்லிக்குத் ‘திணித்து இறுக்கும் பொறி’ எனலாம். எதனொடு வருகிறது என்பதைக் கண்டே பொருள் கொள்ளல் வேண்டும் என்னும் தொல்காப்பிய நெறி ஆங்கிலச் சொல்லுக்கும் பொருந்தி நிற்கிறது.

அச்சொற்களைத் தேடுமிடம் அகராதி மட்டுமன்று. மேஸ்திரியிடமும், இருப்புப்பாதைப் பணியாளரிடமும், கல்லுடைப்போரிடமும் அச்சொற்கள் உயிரோடு உள்ளன. தொழில் இயந்திரமயமாகும்போது கருவி திண்ணையில் கிடக்கும். கருவி மறைந்தால் சொல்லும் மறையும். மாணவர் தம் குடும்பத்துத் தொழிற்சொற்களை வகுப்பறைக்குக் கொண்டுவரக் கூசுதல் ஆகாது. அவ்வாறு கொண்டுவரும் சொல்லை ஆசிரியர் அடித்துவிடுதலும் ஆகாது.

இடைச்செருகலும் பதிப்பறமும்

தொடர்பில்லாத இவ்விரு பொருள்களையும் இணைத்து நோக்கும் ஒரு சொல் தமிழில் இருப்பது வியப்புக்குரியது. அது ‘இடைச்செருகல்’. செருகுதல் என்பது இடுக்கில் நுழைத்து அடைக்கும் செயல். ஆனால் ஒரு நூலின் நடுவே பிறர் பாட்டை நுழைப்பது அந்நூலில் கைவைத்தலாகும். திணிக்கும் செயலும் திரிக்கும் செயலும் இச்சொல்லில் ஒன்றுபடுகின்றன.

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த சான்றோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் பிரதிபேதங்களைக் குறித்துக் காட்டினார். தமக்குச் சரியெனப் பட்டதை மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றை மறைத்திருந்தால், நாம் இன்று அவற்றை ஆராய வழியிருந்திராது. தாம் கொண்ட பாடத்தையும், கொள்ளாத பாடத்தையும் படிப்போர் கண்முன் வைத்தமையால் அவருடைய திருத்தம் பதிப்பறமாயிற்று.

ஊரில் பத்திரம் எழுதுவோரும் இவ்வறத்தை அறிவர். அடித்தல் திருத்தல் நேர்ந்தால் அதனைச் சுரண்டி மறைப்பதில்லை. பழைய எழுத்துத் தெரியும்படி ஒரு கோடிட்டு, புதியதை எழுதி, அருகில் கையொப்பமிட்டு, ஆவணத்தின் இறுதியில் அதனைக் குறிப்பிடுவர். நம் பெரியோர் ‘அமானிதம்’ என்று போற்றுவதும் இதுவே. ஒப்படைக்கப்பட்ட பொருளைத் தொடவே கூடாது என்பதன்று. தொட்டதை உரியவரிடமிருந்து மறைக்கலாகாது என்பதாகும்.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன:

1. கைவைத்தலைக் குறிக்கும் ‘டேம்பர்’ என்பதும் கருவியைக் குறிக்கும் ‘டேம்பர்’ என்பதும் பிறப்பால் வேறான இரு சொற்கள்.

2. முன்னது பதப்படுத்தும் நற்பொருளிலிருந்து இழிந்தது. தமிழில் பதம் பார்த்தல், கலப்படம், திருத்துதல் ஆகியவை அதற்கு இணையாகும்.

3. பின்னதற்குத் திமிசு, கெட்டித்தல் முதலிய தொழிற்சொற்கள் தமிழில் உள. அவற்றைத் தொகுத்தல் தமிழ்த்துறையின் கடமை.

4. நல்ல திருத்தம் தன் தடத்தைக் காட்டி நிற்கும். தீய திருத்தம் தன் தடத்தை மறைக்கும். மருந்துக் குப்பியின் உறையும், அரக்கு முத்திரையும், நடுவரின் கண்ணும், பதிப்பாசிரியரின் அடிக்குறிப்பும் உணர்த்தும் உண்மை இதுவே.

மீண்டும் அவ்விடைத்தாளுக்கு வருவோம். அதனைத் திரும்பப் பெற்ற நாம், புதிய தாள் ஒட்டவில்லை. பழைய சிவப்புக் கோட்டை மறைக்கவும் இல்லை. நாம் இட்ட மதிப்பெண்ணின்மேல் ஒரு கோடிட்டு, அருகில் 2 மதிப்பெண்களைக் கூட்டி எழுதி, கையொப்பமும் நாளும் இட்டு, ‘மாணவர் எழுதியது சரி, திருத்தியவர் பிழை’ என ஓரத்தில் குறித்தோம். மறுநாள் வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் அதனைச் சொன்னோம். அம்மாணவர் தலை கவிழ்ந்து புன்னகைத்தார். “உங்கள் அத்தாவிடம் கேட்டுவாருங்கள், தம்பி, இன்னும் என்னென்ன கருவிகள், என்னென்ன பெயர்கள் என்று” என்றோம். அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த தாளில் இருபதுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அவற்றுள் பாதிக்கு மேல் நாம் அதுவரை கேட்டறியாதவை.